கொள்ளும் அவரையும்: பயறு வகைகளும் தமிழர் அடுக்களையும்

முன்னுரை

புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாடலை இளங்கலை வகுப்பில் நடத்திக் கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து ஓர் ஐயத்தைக் கேட்டார். வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கையன்றிச் சிறந்த உணவு வேறில்லை என்பது அப்பாடலின் கருத்துகளுள் ஒன்று. “ஐயா, கொள் என்பது குதிரைக்கு வைப்பதுதானே? அதைப் புலவர் மக்கள் உணவோடு ஏன் சேர்த்தார்?” என்பது அவர் கேட்ட கேள்வி. வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் அவர் என்னிடம் வந்து, “எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் கொள்ளுதான் ஐயா. விடுதியில் யாரும் பார்க்காமல்தான் அம்மா கொடுத்தனுப்பும் கொள்ளுத் துவையலைச் சாப்பிடுவேன்” என்று தாழ்ந்த குரலில் கூறினார்.

முதல் மாணவரின் ஐயமும் இரண்டாம் மாணவரின் நாணமும் ஒரே வேரிலிருந்து தோன்றியவை. நம் முன்னோர் போற்றிய ஓர் உணவு, நம் காலத்தில் மறைத்து உண்ணத்தக்க பொருளாகிவிட்டது. இஃது எவ்வாறு நேர்ந்தது? பயறு வகைகள் யாவை? அவை தமிழர் அடுக்களையில் எவ்வெவ்வாறு பயன்பட்டன? இலக்கியச் சான்று, உழவு மரபு, உணவு அறிவியல் ஆகிய மூன்றின் துணையோடு இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயறு, பருப்பு, கடலை

நெற்றுக்குள் விதை விளையும் செடி கொடிகளின் பெருங்குடும்பத்தைத் தாவர நூலார் அவரைக் குடும்பம் என்பர். துவரை, உளுந்து, பாசிப்பயறு, கடலை, மொச்சை, தட்டைப்பயறு, கொள், பட்டாணி, மைசூர்ப் பருப்பு, சோயா, நிலக்கடலை ஆகியன யாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. வெந்தயமும் புளியும்கூட இக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பலருக்கு வியப்பளிக்கும். துவரம்பருப்பு, புளி, வெந்தயம், கொத்தவரங்காய் சேர்த்து வைத்த ஒரு சாம்பாரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கூடிவிடுகின்றனர்!

தமிழில் இவற்றிற்குரிய சொற்கள் மிகத் துல்லியமானவை. முழு மணியாக இருப்பது பயறு. தோல் நீக்கி உடைத்தது பருப்பு. செடியில் இருப்பது துவரை. அடுக்களைக்கு வருவது துவரம்பருப்பு. கொண்டைக்கடலையை உடைத்தால் கடலைப்பருப்பு; அதையே வறுத்துத் தோல் நீக்கினால் பொட்டுக்கடலை; மாவாக அரைத்தால் கடலை மாவு. பொட்டுக்கடலையைச் சில ஊர்களில் உடைத்த கடலை என்றும், சில ஊர்களில் பொரிகடலை என்றும் வழங்குவர். காயாகக் கறிக்கு ஆகும்போது அவரை. மணிக்காக விளைவிக்கும்போது மொச்சை. இவ்விரண்டும் ஒரே இனத்தின் இரு வகைகள் என்பதை இன்றைய தாவரவியல் உறுதி செய்கிறது.

அவரை என்னும் ஒரு சொல்லிலிருந்து எத்தனை பெயர்கள் கிளைத்துள்ளன! கொத்தாகக் காய்ப்பது கொத்தவரை. வாள் போல நீண்டது வாளவரை. நான்கு பக்கமும் சிறகு போன்ற விளிம்புடையது சிறகவரை. இப்பெயர்கள் யாவும் காயின் தோற்றத்தைக் கண்முன் நிறுத்துவன. பாசிப்பயறு என்பதில் உள்ள ‘பாசி’ பசுமையைக் குறிக்கும். ‘துவர்’ என்னும் சொல்லுக்குச் செந்நிறம் என்றும் துவர்ப்புச் சுவை என்றும் பொருள் உண்டு; துவரை மணியின் தோலும் செந்நிறமாக இருத்தலை நோக்குக. கொள் தென்பாண்டி நாட்டில் காணம் எனப்படும்.

சமைக்கும் முறையைக் குறிக்கும் சொற்களும் அத்தகையனவே. நீர் சுண்டும்வரை வேகவைத்துத் தாளிப்பது சுண்டல். வேகவைத்த பயற்றைச் சங்க நூல்கள் புழுக்கு என்கின்றன. புழுங்கலரிசி என்னும் சொல்லில் அவ்வேர் இன்றும் வாழ்கிறது.

இலக்கியம் காட்டும் பயறுகள்

சங்க இலக்கியத்தில் பயறு வகைகள் உவமையாகவும் உணவாகவும் பல இடங்களில் இடம்பெறுகின்றன. நான்கு இடங்களை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது, அகநானூற்று 86ஆம் பாடல். நல்லாவூர் கிழார் பாடிய இப்பாடல் பழந்தமிழர் திருமண நிகழ்ச்சியை விரித்துரைப்பது. அத்திருமண விருந்தின் முதன்மை உணவு உழுத்தம்பருப்புக் கூட்டிச் சமைத்த குழைவான பொங்கலாகும். மணவிழா உணவில் பருப்புக்கு அன்றே இடம் இருந்தது. பருப்பில்லாமல் கல்யாணமா என்னும் வழக்குக்கு ஈராயிரம் ஆண்டு மரபு உண்டு எனலாம்.

இரண்டாவது, அகநானூற்று 37ஆம் பாடல். களத்தில் உழைத்துக் களைத்த உழவர்கள் கொள்ளும் பயறும் பாலும் கலந்து ஆக்கிய கஞ்சியைப் போதும் போதும் என்னும் அளவுக்கு உண்டு, மர நிழலில் தங்குவதை அது காட்டுகிறது. கொள் இங்கு உழைப்பாளரின் விருப்ப உணவு.

மூன்றாவது, பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இந்நூலில், பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் பெறக்கூடிய உணவுகள் சொல்லப்படுகின்றன. புன்செய் உழவர் குடியிருப்பில் அவனுக்குக் கிடைப்பது வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். அப்புழுக்கு வேங்கைப் பூவைப் போல இருந்தது என்பது புலவரின் உவமை. வேங்கைப் பூ பொன்னிறம் உடையது. எனவே அவரையின் தோலை நீக்கிப் பருப்பாக்கி வேகவைத்தனர் எனக் கருத இடமுண்டு.

நான்காவது, குறுந்தொகை 68ஆம் பாடல். அள்ளூர் நன்முல்லையார் உழுந்தின் செந்நிறத் தண்டைக் குறும்பூழ்ப் பறவையின் காலுக்கு உவமிக்கிறார். முற்றிய உழுந்தங்காயை மான்கள் கவர்ந்துண்ணும் பனிக்காலத்தை அப்பாடல் பேசுகிறது. இப்பனிக்காலக் குறிப்பு வெறும் வருணனை அன்று, உழவு உண்மை. அதனை அடுத்து விளக்குவோம்.

நிலமும் பயறும்

பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், கொள் விதைப்பதற்காக உழுத அகன்ற நிலத்தைக் குறிப்பிடுகிறார் (புறநானூறு 105). மலைநாட்டின் வானம் பார்த்த நிலத்தில் விளைந்தது கொள். இன்றும் கொள் பெரும்பாலும் மானாவாரிப் பயிரே. குறைந்த மழையும் வளமற்ற மண்ணும் அதற்குப் போதும்.

கொள், உளுந்து, பாசிப்பயறு, துவரை ஆகிய நான்கும் இந்தியத் துணைக்கண்டத்திலேயே முதன்முதலில் பயிராக்கப்பட்டவை என்பது ஆய்வாளர் முடிபு. கருநாடக, ஆந்திரப் பகுதிகளின் புதிய கற்கால ஊரிருக்கைகளில் ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையுடைய கொள், பாசிப்பயறு ஆகியவற்றின் கருகிய விதைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தென்னாட்டு உழவின் தொடக்கமே இவற்றோடு பின்னிப் பிணைந்தது.

பயறு வகைகளின் வேரில் சிறுசிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. காற்றில் உள்ள தழைச்சத்தை அவை செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகின்றன. செடி அவற்றிற்குச் சர்க்கரையைத் தருகிறது. பயிர் முடிந்தபின் வேரும் இலையும் மண்ணில் மட்கி, அடுத்த பயிருக்கு உரமாகின்றன. தானியத்தோடு பயற்றைக் கலந்து விதைப்பதும், தானியத்தை அடுத்துப் பயறு விதைப்பதும் நம் உழவர் கண்ட மரபு. இந்த அறிவியலை அவர்கள் பெயர் சொல்லி அறியாவிடினும் பயனால் அறிந்திருந்தனர்.

காவிரிப் படுகையில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள் முன்னரே, நிற்கும் நெற்பயிருக்கிடையே உளுந்தையும் பயற்றையும் விதைத்துவிடுவர். உழவில்லை; தனி நீர்ப்பாய்ச்சல் இல்லை. வயலில் எஞ்சிய ஈரமும் தை, மாசிப் பனியுமே அப்பயிரை வளர்த்துவிடும். நன்முல்லையார் உழுந்தையும் பனியையும் ஒருங்கு வைத்துப் பாடியதன் நுட்பம் இப்போது புலனாகும். பயறு வகைகளுக்கென நம் மாநிலத்தில் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. ‘வம்பன்’ என்னும் பெயர் தாங்கிய உளுந்து இரகங்களை உழவர் நன்கறிவர்.

தானியமும் பயறும்

மாங்குடி கிழார் கூறிய நான்கு உணவுகளை மீண்டும் நோக்குவோம். வரகும் தினையும் தானியம். கொள்ளும் அவரையும் பயறு. இரண்டுக்கு இரண்டு என்னும் இவ்வமைப்பு இன்றைய உணவு அறிவியலோடு முற்றும் பொருந்துகிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல சேர்ந்த கோவை. தானியங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. மெத்தியோனின் போதிய அளவு உண்டு. பயறுகளில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. சோறும் பருப்பும், இட்டலி, வெண்பொங்கல், அடை, கொங்கு நாட்டின் அரிசியும் பருப்பும் சாதம் ஆகிய யாவும் இவ்விணையின் வெவ்வேறு வடிவங்களே. வடநாட்டுக் கிச்சடியும் இத்தகையதே.

அளவிலும் பயறு தானியத்தை விஞ்சும். 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உள்ளது. அதே அளவு துவரம்பருப்பிலும் கொள்ளிலும் ஏறத்தாழ 22 கிராம், உளுந்திலும் பாசிப்பயற்றிலும் ஏறத்தாழ 24 கிராம் உள்ளன. ஒரு செய்தியை இங்குச் சிறப்பாகக் கருத வேண்டும். இழிவாக எண்ணப்படும் கொள், புரதத்தில் துவரைக்கு நிகரானது. சுண்ணாம்புச் சத்தில் துவரம்பருப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் உடையது. இரும்புச் சத்திலும் அதனை விஞ்சுவது.

அடுக்களையில் பயறுகள்

துவரை: தமிழ்நாட்டுப் பருப்புகளுள் தலைமை இடம் துவரைக்கே. பந்தியில் சோற்றின்மேல் முதலில் விழுவது பருப்பும் நெய்யும். சாம்பார், பருப்பு ரசம், பருப்புத் துவையல், பருப்புப் பொடி ஆகியன இதன் பயன்கள். முன்னாளில் துவரையை ஊறவைத்துச் செம்மண் குழம்பு கட்டி, வெயிலில் உலர்த்தித் திருகையில் உடைத்து, முறத்தில் புடைத்தெடுப்பர். செம்மண் கட்டிய துவரை எளிதில் உடையும். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் முறத்தின் தனித்தனி அசைவைக் குறித்தன.

உளுந்து: இட்டலி, தோசைக்கு உயிர் இதுவே. புழுங்கலரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்பது பொது அளவு. அரைத்த உளுந்தில் உள்ள புரதமும் பசைத்தன்மையும் சேர்ந்து, மாவு புளிக்கும்போது உண்டாகும் காற்றைச் சிறைப்படுத்துகின்றன. இட்டலியின் மென்மைக்கு அதுவே காரணம். மெதுவடை, அப்பளம், சாங்கிரி ஆகியனவும் உளுந்தின் ஆக்கங்களே. பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்கு உளுந்தங்களி கொடுப்பது ஊர்தோறும் உள்ள வழக்கம். திருநெல்வேலிப் பகுதியில் தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் அரிசியும் சேர்த்து ஆக்கும் உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல் ஏற்ற துணை. தோலும் குருணையுமான உளுந்தம் பொட்டு மாட்டுத் தீவனமாகும். வீணாவது ஒன்றுமில்லை.

பாசிப்பயறு: எளிதில் செரிப்பது, நோயாளிக்கும் குழந்தைக்கும் ஏற்றது. வெண்பொங்கல், பாயசம், கூட்டு, கோசுமல்லி, சுண்டல் எனப் பல வடிவம் பெறும். முளைகட்டினால் உயிர்ச்சத்து ‘சி’ பெருகுகிறது. பயத்தமாவு குளியலுக்கும் ஆகும்.

கடலை: மேற்காசியாவில் தோன்றிப் பழங்காலத்திலேயே இந்தியாவை அடைந்தது. கடலைப்பருப்பு ஆமவடைக்கும் போளிப் பூரணத்துக்கும், கடலை மாவு பஜ்ஜி, பூந்தி, மைசூர்பாகு ஆகியவற்றுக்கும், பொட்டுக்கடலை சட்டினிக்கும் உருண்டைக்கும் பயன்படுகின்றன.

மொச்சை: காய்ந்த மொச்சை கத்தரிக்காயோடும் கருவாட்டோடும் புளிக்குழம்பில் சேரும். மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சையை ஊறவைத்து, விரலால் பிதுக்கித் தோல் நீக்கிய பிதுக்கம்பருப்புக் குழம்பு வட மாவட்டங்களில் பெயர் பெற்றது. அதற்கு வீட்டார் அனைவரும் வட்டமாக அமர்ந்து பிதுக்க வேண்டும். குடும்பத்தை ஒன்றுகூட்டும் உணவு அது.

தட்டைப்பயறு: காராமணி என்றும் பெயர் பெறும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இளங்காய் பொரியலுக்கும், மணி குழம்புக்கும் சுண்டலுக்கும் காரடைக்கும் ஆகும்.

கொள்: கொங்கு நாட்டின் அன்றாட உணவு. வேகவைத்த கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாயோடு கடைந்தால் கொள்ளுப் பருப்பு; வேகவைத்த நீரை இறுத்துப் புளி, மிளகு கூட்டினால் கொள்ளு ரசம்; வறுத்து அரைத்தால் துவையல். மழைக்காலத்தில் சளிக்குக் கொள்ளு ரசம் வைப்பது பாட்டிமார் கைமுறை.

இஸ்லாமியத் தமிழர் சமையலில்

இஸ்லாமியத் தமிழர் இல்லங்களில் பயறுகள் பெற்ற இடமும் தனித்துக் கருதத்தக்கது. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்தோறும் பெரிய அண்டாக்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியில் பச்சரிசியோடு பாசிப்பருப்போ கடலைப்பருப்போ சேரும். வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் ஆகியனவும், சில இடங்களில் கொத்திய இறைச்சியும் இடம்பெறும். பகல் முழுவதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு இளகிய உணவாக, தானியமும் பயறும் இணைந்த சத்தாக அது அமைகிறது. சமயம் கடந்து அக்கம்பக்கத்தாரும் பாத்திரம் ஏந்தி வாங்கிச் செல்வது நம் ஊர்களில் காணும் இனிய காட்சியாகும். களத்து உழவர் கொள்ளும் பயறும் கலந்து உண்ட அகநானூற்றுக் கஞ்சிக்கும் இக்கஞ்சிக்கும் ஆக்கும் முறையில் உள்ள உறவு எண்ணி மகிழத்தக்கது.

நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் துணையாக வரும் தால்சா மற்றோர் எடுத்துக்காட்டு. துவரம்பருப்பு அல்லது கடலைப்பருப்பை ஆட்டெலும்போடு வேகவைத்து, கத்தரிக்காய், சுரைக்காய், மாங்காய் முதலியவற்றைச் சேர்த்துப் புளியூற்றி இறக்குவர். ‘தால்’ என்பது பருப்பைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். அதில் சேரும் புளிக்கு அரபு மொழியில் ‘தமர் ஹிந்தீ’, அஃதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர்.

மைசூர்ப் பருப்பை அரபியர் ‘அதஸ்’ என்பர். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலும் (வசனம் 61) இப்பெயர் இடம்பெறுகிறது. ஒளியை வளைக்கும் கண்ணாடி வில்லைக்கு அரபியில் ‘அதஸா’ என்றே பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘லென்ஸ்’ என்னும் சொல்லும் இப்பருப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே. இருபுறமும் குவிந்த வடிவ ஒப்புமையால் அமைந்த பெயர் இது. இலங்கைத் தமிழர் வெறுமனே பருப்பு என்று சொல்வது இம்மைசூர்ப் பருப்பையே. தேங்காய்ப்பால் விட்டு ஆக்கும் பருப்புக் கறி அங்குச் சோற்றுக்கும் பாணுக்கும் உற்ற துணை.

சமைப்போர் கருத்தில் கொள்ளத்தக்கவை

‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்னும் வழக்கு யாவரும் அறிந்தது. பருப்பு ஏன் வேகாமற் போகிறது? புளிப்பும், உப்புநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் பருப்பின் உயிரணுச் சுவரை இறுக்கிவிடுகின்றன. ஆதலால்தான் பருப்பு நன்கு வெந்தபின் புளியைக் கரைத்து ஊற்றுவர். நாள்பட்ட பயறும் எளிதில் வேகாது.

முழுப் பயறுகளை இரவே ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால், வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்கள் ஓரளவு நீங்கும். இஞ்சி, பூண்டு, பெருங்காயம் ஆகியவற்றைப் பயற்று உணவில் தவறாது சேர்ப்பதும் வாயுவைக் கருதியே.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காடாக உண்ணுதல் கூடாது. அதிலுள்ள ஒருவகை நச்சுப் புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். அதனை ஊறவைத்து, நீரை மாற்றி, நன்கு கொதிக்கும் நிலையில் அரைமணி நேரம் வேகவைத்தல் பாதுகாப்பானது. கேசரிப் பருப்பை நெடுநாள் முதன்மை உணவாக உண்டால் கால்கள் முடங்கும் நோய் வரும். அதன் விற்பனைக்கு 1961இல் இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது. துவரம்பருப்பில் அதனைக் கலப்படம் செய்யும் தீமையும் இருந்து வந்துள்ளது. வாங்குவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

பெயரால் வந்த இழிவு

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். கொள் குதிரைக்கும் உணவாயிற்று என்பது உண்மை. கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்னும் பழமொழியே அதற்குச் சான்று. ஆனால் ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்னும் மற்றொரு பழமொழி அதனை மனிதருக்கு உரிய உணவாகவே பேசுகிறது. ஆங்கிலேயர் இப்பயற்றுக்கு இட்ட பெயரின் பொருள் ‘குதிரைக் கடலை’ என்பதாகும். பாடநூலும் சந்தையும் அப்பெயரையே பரப்பின. குதிரை உண்பதால் ஓர் உணவு தாழ்ந்துவிடுமாயின், பசு உண்ணும் சோளமும் கிளி உண்ணும் தினையும் தாழ்ந்தவை ஆகா வோ? உண்போரின் வறுமையை உணவின் தாழ்வாகக் கருதிய மனப்பான்மையே இவ்விழிவுக்கு அடிப்படை.

இம்மனப்பான்மையோடு வேறொரு மாற்றமும் சேர்ந்தது. பசுமைப் புரட்சியின்போது நீர்வளமும் உரமும் நெல்லுக்கும் கோதுமைக்கும் சென்றன. பயறுகள் வறண்ட நிலத்துக்கு ஒதுங்கின. இந்தியாவில் 1951இல் நாளொன்றுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 60 கிராம் பயறு கிடைத்தது; 2000ஆம் ஆண்டளவில் அது ஏறத்தாழ 30 கிராமாகக் குறைந்தது. பயறு விளைவிப்பதில் உலகில் முதலிடம் வகிக்கும் நம் நாடே, மியன்மாரிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் துவரையையும், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றிலிருந்து மைசூர்ப் பருப்பையும் இறக்குமதி செய்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2016ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பயறு ஆண்டாக அறிவித்தது. 2019 முதல் பிப்ரவரி 10ஆம் நாள் உலகப் பயறு நாளாகக் கொண்டாடப்படுகிறது. மாங்குடி கிழார் உரைத்ததை உலகம் இப்போது வழிமொழிகிறது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. ஒன்று: தானியமும் பயறும் இணைந்த உணவே தமிழர் உணவின் அடித்தளம், சங்கப் புலவர் அதனை அறிந்து பாடினர். இரண்டு: பயறு உடலுக்கு மட்டுமன்றி மண்ணுக்கும் உணவு. மூன்று: கொள்ளின் தாழ்வு அதன் சத்தில் இல்லை, நம் எண்ணத்தில் உள்ளது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. திருகையும் முறமும் வீட்டைவிட்டுச் செல்லும்போது அவற்றோடு தொடர்புடைய சொற்களும் சென்றுவிடுகின்றன. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடமும் அத்தையிடமும் அமர்ந்து, அவர்கள் அறிந்த பயறுகளின் பெயர்களையும் சமைக்கும் முறைகளையும் அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி வருவாராக. இருபது மாணவர் இருபது ஊர்களிலிருந்து கொணர்ந்தால் அதுவே ஒரு வட்டாரச் சொல்லகராதியின் தொடக்கமாகும். பேரகராதியில் இடம்பெறாத பல சொற்கள் அடுக்களையில் இன்னும் உயிரோடு உள்ளன.

கடைசி வரிசை மாணவருக்கு அன்று நான் கூறிய விடை இதுதான்: “நீ உண்பது புறநானூற்று உணவு, தம்பி. மறைத்து உண்ண வேண்டா. நண்பருக்கும் பகிர்ந்து கொடு.” அடுத்த வாரம் அவர் ஒரு தூக்குச் சட்டி நிறையக் கொள்ளுத் துவையல் கொண்டுவந்தார். ஐயம் எழுப்பிய மாணவரே அதனை முதலில் சுவைத்துப் பார்த்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். அவரை விதைத்தால் துவரை முளைக்காது என்பர். இளையோர் நெஞ்சில் நம் உணவைப் பற்றிய மதிப்பை விதைத்தால், அம்மதிப்பே முளைக்கும்.